செத்த காலேஜில் பிறந்த உயிர் காலேஜ்

பழைய மதராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜின் வளாகத்தில்தான். மியூசியத்தின் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், 1855-இல் அங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். ஆற்காட்டு நவாப் தன்னிடமிருந்த விலங்குகளைக் கொடுத்தார். ஓராண்டில் எண்ணிக்கை 300-ஐத் தாண்டிவிட்டது.

அவ்வளவையும் மியூசியம் எப்படித் தாங்கும்? 1860-களின் தொடக்கத்தில் எல்லாம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அந்தப் பக்கத்தில்தான் பிறகு சென்ட்ரல் ஸ்டேஷனும் மூர் மார்க்கெட்டும் வந்தன. நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. சுற்றிலும் நகரம் நெருக்கியது. ரயிலும் சாலையும் வளர வளர, விலங்குகளுக்கு விரிய இடமில்லை.

1976-இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1985 ஜூலையில் அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். அதைத் திறந்து வைத்தார். இடம் பெரிதானதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. நமக்கும் புலிக்கும் நடுவே இருந்த கம்பி போய், அகழி வந்தது.

கம்பிக்கூண்டில் இரண்டடி தள்ளி நின்று புலியைப் பார்க்கலாம். புலிக்கோ விலகிப்போக வழியே கிடையாது. எந்தக் காட்டு விலங்கும் மனிதன் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் ஓடப் பார்க்கும். சுவிட்சர்லாந்தின் விலங்கியலாளர் ஹெய்னி ஹெடிகர் இந்த ‘விலகல் தூரத்தை’ விரிவாக ஆராய்ந்தவர். இரை தேடும் வேலையும் இல்லாமல் ஒதுங்க இடமும் இல்லாமல் அடைபட்ட விலங்கு, கூண்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து ‘சுறுசுறுப்பா இருக்கு’ என்று கைதட்டியவர்கள் நம்மில் நிறைய பேர். அது தவிப்பு.

கம்பியில்லாத அகழியை 1907-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே தன் விலங்குப் பூங்காவில் பிரபலமாக்கியவர் கார்ல் ஹேகன்பெக். வேலை செய்யும் விதம் எளிது. பார்வையாளர் பக்கத்துச் சுவர் செங்குத்தாக இருக்கும். விலங்கின் பக்கம் சரிவாக வைத்தால், தவறி இறங்கினாலும் அது திரும்பி ஏறிக்கொள்ளும். அந்த விலங்கு எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் தாவும் என்பதை வைத்துத்தான் அளவு. யானைக்குத் தாவவே வராது. ஆழமான வறண்ட பள்ளம் போதும். சிம்பன்சிக்கு நீந்த வராது, தண்ணீரே வேலி. புலியோ நன்றாக நீந்தும். அதனால் தண்ணீரை மட்டும் நம்ப முடியாது, எதிர்ச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். ஆனால் நீந்தும் புலிக்குக் கால் ஊன்றி எம்ப இடம் கிடைக்காது. தண்ணீரின் உதவி அதுதான். அகழியின் விளிம்பைச் செடிகள் மறைத்தால், நம் கண்ணுக்குப் புலியும் புதரும் மட்டுமே தெரியும்.

அப்புறம், அந்தப் புதரும் மரமும் அலங்காரம் இல்லை. ஒதுங்கவும் நிழலுக்கும் அவைதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, பூங்கா இழந்தது விலங்குகளின் மறைவிடத்தையும்தான்.

‘அவ்வளவு தூரம் நடந்தோம், புலியே கண்ணில் படல’ என்று திரும்புகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அது உங்களிடமிருந்து விலகிப் போயிருக்கிறது, போக அதற்கு இடம் இருக்கிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை, சந்தோஷம்தான். பார்த்தே ஆகவேண்டும் என்றால் மத்தியான வெயிலில் போகாதீர்கள். இரவு அறையிலிருந்து வெளியே விட்டதும், வெயில் ஏறுவதற்குள், அது தன் எல்லையைச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். காலையில் கேட் திறந்ததும் நேரே அங்கே போய் நில்லுங்கள்.