துவாரத்துக்குள் போன சிலந்தி செத்துவிடுமா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் பழைய வீடு. கரண்ட் இல்லாத ஓர் இரவில், டோர்ச் வெளிச்சத்தில் குளியலறைச் சுவரில் அதைக் கண்டேன். கால்களை விரித்தால் உள்ளங்கை அளவு இருக்கும். தட்டையான பழுப்பு உடல், கண்களுக்கு முன்னால் வெளிர்மஞ்சள் பட்டை. இடப்பக்கம் ஒரு கால் இல்லை. வலை கட்டாமல் கரப்பானை ஓடிப் பிடித்துத் தின்னும் வேட்டைச் சிலந்தி அது. ஹெட்டரோபோடா வெனடோரியா என்பது அதன் அறிவியல் பெயர். வெப்பநாட்டு வீடுகள் பலவற்றிலும் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அம்மா ஒரு வாளித் தண்ணீரை வீசி அடித்தார். சிலந்தி கீழே விழுந்து, கால்களைச் சுருட்டிக்கொண்டு, மூலையில் தண்ணீர் வெளியேறும் துவாரத்துக்குள் போய்விட்டது.

"செத்திருக்கும், வந்து படு" என்றார்.

அவ்வளவு சீக்கிரம் சாகாது. காரணம் சிலந்தி மூச்சுவிடும் விதத்தில் இருக்கிறது. அதற்கு மூக்கு இல்லை, வாயாலும் மூச்சுவிடுவதில்லை. வயிற்றின் அடிப்பக்கத்தில் சிறு பிளவுகள் உண்டு. அவற்றுக்குள்ளே புத்தகத்தின் தாள்கள் மாதிரி மெல்லிய மடிப்புகள் அடுக்கடுக்காக இருக்கும். இவைதாம் புத்தக நுரையீரல்கள். மடிப்புகளுக்கு இடையே காற்று நிற்க, மடிப்புக்குள்ளே இரத்தம் ஓடும். ஆகவே தலை மூழ்குவதால் சிலந்திக்கு ஒன்றும் ஆகாது. வயிற்றடிப் பிளவுகளுக்குள் தண்ணீர் புகுந்தால்தான் ஆபத்து.

அங்கேயும் தண்ணீர் லேசில் புகாது. உடல் முழுக்க நுண்ணிய மயிர்கள். மேல்தோலில் மெழுகுப் பூச்சு. சேம்பிலையில் தண்ணீர் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அப்படித்தான். சிலந்தி மூழ்கும்போது மயிர்களுக்கிடையே காற்று சிக்கி, உடலைச் சுற்றி வெள்ளி பூசியதுபோல் ஒரு படலம் மின்னும். அந்தப் படலத்தில் ஒட்சிசன் குறையக் குறைய, சுற்றியுள்ள தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். சும்மா கிடக்கும் சிலந்திக்குத் தேவைப்படும் ஒட்சிசன் அதே எடையுள்ள பல பிராணிகளைவிடக் குறைவு. அதனால் அந்தக் கசிவே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கப் போதும்.

எவ்வளவு நேரம்? பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஓநாய்ச் சிலந்திகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துப் பார்த்தார்கள். 24 முதல் 36 மணிநேரம் போனபின் அவை அசைவற்றுப் போயின. செத்தவை என்று எடுத்து உலர வைத்தால், சேற்றுக்கடலோரத்தில் வாழும் ஓர் இனத்தின் கால்கள் சில மணிநேரத்தில் துடிக்கத் தொடங்கின. பிறகு எழுந்து நடந்தன. அவை சாகவில்லை, ஆழ்ந்த மயக்கத்தில் இருந்திருக்கின்றன. அந்தக் கணக்கை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுவர முடியாது. தண்ணீர் 10 பாகை சூடேறினால் இப்படியான உயிர்களின் ஒட்சிசன் தேவை ஏறக்குறைய இரு மடங்காகும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனோ குறையும். இங்கே தாக்குப்பிடிக்கும் நேரம் சுருங்கும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கால்களைச் சுருட்டிக் கிடந்தால் செத்துவிட்டது என்றே எல்லோரும் நினைக்கிறோம். சிலந்தியின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளை மடக்கத்தான் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடலுக்குள் இருக்கும் திரவத்தை அழுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. அழுத்தம் விழுந்தால் கால் தானாகச் சுருளும். செத்தாலும் சுருளும், மயங்கினாலும் சுருளும்.

உண்மையான எமன் சவர்க்காரம். சவர்க்காரம் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும். அப்புறம் தண்ணீர் மயிர்களுக்கிடையே ஊடுருவி, காற்றுப் படலத்தைக் கலைத்து, நேரே நுரையீரல் பிளவுக்குள் புகும். சவர்க்காரத் தூள் கரைத்த உடுப்புத் தண்ணீரோடு போன சிலந்தி தப்புவது அரிது.

அம்மா அடித்தது வெறும் கிணற்றுத் தண்ணீர். இங்கே பல பழைய வீடுகளில் குளித்த தண்ணீர் எங்கே போகிறது? சுவரைத் துளைத்த ஒரு பைப், விரித்த இரு கை நீளம், அதைத் தாண்டினால் வாழைப்பாத்தி. சிலந்திக்கு அது சில வினாடிப் பயணம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். வாழையின் காய்ந்த மடலில், இடப்பக்கம் ஒரு கால் இல்லாமல், அதே சிலந்தி. வெயில் பட்ட பக்கமாக உடலைத் திருப்பி வைத்திருந்தது. குச்சியால் தொடப் போனேன், மடலுக்குள் ஓடிவிட்டது.

மலசலகூடக் கோப்பைக்குள் தள்ளினால் கதை வேறு. அது போய்ச் சேருவது மூடிய மலக்குழி. அந்தத் தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லை. இருந்ததைக் கிருமிகள் தின்று தீர்த்திருக்கும். காற்றுப் படலம் இருந்தும் அதற்குள் கசிய ஒன்றுமில்லை. மேலே ஐதரசன் சல்பைட்டு போன்ற நச்சு வாயுக்கள் வேறு. அங்கிருந்து மீண்டு வரும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

பேசின் துவாரத்துக்குள் போனது அதே வழியாக ஏறி வருமா என்று பலர் பயப்படுவதுண்டு. கைகழுவும் பேசினுக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். நாற்றம் வராமல் தடுக்கும் அந்தத் தண்ணீரே சிலந்திக்கும் தடை. காலையில் பேசினுக்குள் காணும் சிலந்தி, பெரும்பாலும் தண்ணீர் தேடி மேலிருந்து விழுந்தது. கூரை மூலையில் வலை கட்டும் நூல்கால் சிலந்திகளின் பாதத்தில், வேட்டைச் சிலந்திக்கு இருப்பதுபோல் ஒட்டும் மயிர்க்கற்றை இல்லை. வழுவழுப்பான பீங்கானில் அவற்றால் ஏற முடியாது.

இப்போது இரவில் பழைய துவாய் ஒன்றின் நுனியைப் பேசினுக்குள் தொங்கவிட்டுவிடுகிறோம். விழுந்தது அதைப் பிடித்து ஏறிப் போய்விடுகிறது.