வேர்ட் கிளாக் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஒலிபரப்பு நிலையங்களில் இருக்கும் டிஜிட்டல் ஒலிக்கருவிகள் பலவற்றின் பின்புறத்தில் ‘வேர்ட் கிளாக்’ என்று பெயரிட்ட ஒரு பிஎன்சி இணைப்பு (கம்பியைச் செருகித் திருகிப் பூட்டும் வட்டமான முனை) இருக்கும். இதைச் ‘சொல் கடிகாரம்’ என்று பெயர்த்தால் பொருள் முழுவதும் தொலைந்துபோகும். அந்தக் கம்பி வழியே எந்தச் சொல்லும் போவதில்லை. மணி என்ன என்றும் அது சொல்லாது. விநாடிக்கு 48,000 தடவை ஏறி இறங்கும் ஒரு சதுர அலை போகிறது, அவ்வளவுதான்.

கணினித் துறையில், ஒரே அலகாகக் கையாளப்படும் பிட்டுகளின் கட்டுக்கு ‘வேர்ட்’ என்று பெயர். டிஜிட்டல் ஒலியில், ஒலி அலையைச் சீரான இடைவெளியில் அளந்து எடுக்கும் ஒவ்வொரு அளவீடும் ஒரு மாதிரி (சாம்பிள்). அதன் அளவைக் குறிக்கும் 16 அல்லது 24 பிட்டுகள் சேர்ந்தது ஒரு வேர்ட். ஒரு துடிப்புக்கு ஒரு வேர்ட் என்ற கணக்கு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

‘கிளாக்’ மணியைக் குறித்த ‘கிளோக்கா’ என்ற இடைக்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆக, வேரில் இருப்பது அடிக்கும் ஓசை. நம் ‘கடிகாரம்’ வந்த வழி வேறு. கடிகை என்பது நாழிகை வட்டில். நீரைக் கொண்டு பொழுதை அளக்கும் பாத்திரம். அதன் வேலை அளந்து சொல்வது. மின்னணுவியலில் கிளாக் எதையும் அளந்து சொல்வதில்லை, தாளம் போடுகிறது. அதனால் இந்த இடத்தில் ‘துடிப்பு’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

தாளம் எதற்கு? ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் உண்டு. இரண்டு கருவிகளையும் 48 கிலோஹெர்ட்ஸில் வைத்தாலும் இரண்டு படிகங்களும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக அதிர்வதில்லை. பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்தால் போதும், ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒரு மாதிரி கூடும் அல்லது குறையும். வாங்கும் கருவி எஞ்சியதை உதறும், இல்லாததற்கு முன்னதையே திரும்பப் போடும். கேட்பவர் காதில் ‘டிக்’ என்று விழும். பேச்சின் இடையே மறைந்துவிடும் அந்த ஒலி, நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்தில் தப்பாமல் வெளிப்படும்.

இதைத் தீர்க்க நிலையம் முழுவதற்கும் ஒரே துடிப்பைக் கொடுத்து, மற்ற கருவிகளைத் தங்கள் படிகத்தை விட்டுவிட்டு அதைப் பின்பற்றச் சொல்கிறார்கள். ஏஇஎஸ்11 என்ற தரநிலை இதற்கானது. அதில் முதல் தரத் துடிப்பு பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பிசகக் கூடாது. இரண்டாம் தரத்துக்கு 10 பங்கு வரை இடமுண்டு.

இந்தச் செயலுக்குப் பெயர் சிங்க்ரனைசேஷன். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘குரோனோஸ்’ என்றால் காலம். தமிழில் ‘ஒத்திசைவு’ நன்றாக நிலைத்துவிட்டது. ‘இசை’ என்பது பாட்டைக் குறிக்குமே, குழப்பம் வராதா என்று கேட்பவர்கள் உண்டு. இசைதல் என்றால் பொருந்துதலும்தான். ஒலித்துறையில் இரு பொருளும் சேர்ந்து வருவது அந்தச் சொல்லுக்குக் கூடுதல் அழகு.

வேர்ட் கிளாக்குக்கு நான் முன்வைப்பது ‘சீர்த்துடிப்பு’. யாப்பில் எழுத்துகள் அசையாகி, அசைகள் சீராகின்றன. இங்கே பிட்டுகள் சேர்ந்து ஒரு வேர்ட் ஆகிறது. சீர் என்பதற்கு ஒழுங்கு என்றும் தாள அளவு என்றும் பொருள் உண்டு. மூன்றுமே இங்கே வேண்டியவை. ‘மாதிரித் துடிப்பு’ என்றாலும் பிழையில்லை, ஆனால் ‘சாம்பிளுக்குக் காட்டிய துடிப்பு’ என்று படிக்க வாய்ப்பிருக்கிறது.

இதை நேரக்குறி எனப்படும் டைம்கோடுடன் கலக்கக் கூடாது. நேரக்குறி நிகழ்ச்சியில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று காட்டும். சீர்த்துடிப்பு எந்த வேகத்தில் போகிறோம் என்பதை மட்டும் காக்கும். நேரக்குறி சரியாக ஓடுகிறதே என்று நம்பி, துடிப்பை இணைக்காமல் விட்டால் ‘டிக்’ ஒலி வரத்தான் செய்யும்.

தொலைக்காட்சியில் படமும் உடன் வருவதால் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம்) என்றால் ஒரு சட்டகத்துக்குச் சரியாக 1,920 மாதிரிகள். 29.97 சட்டக முறையில் 1,601.6 வருகிறது, மாதிரியைப் பின்னமாக வெட்ட முடியாது. ஐந்து சட்டகங்கள் சேர்ந்தால்தான் 8,008 என்ற முழு எண் கிடைக்கும். அதனால் படத்துக்கும் ஒலிக்கும் துடிப்பு ஒரே மூலத்திலிருந்து பிறக்க வேண்டும்.

இப்போது ஒலி வலையமைப்பு வழியே போகிறது. அங்கே கருவிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் ஐஇஇஇ 1588 என்ற நெறிமுறை வருகிறது; வலையமைப்பு வழி ஒலிக்கென 2013இல் வெளியான ஏஇஎஸ்67 தரநிலை இதையே நம்பியிருக்கிறது. இம்முறையில் முதன்மைக் கருவி துடிப்பை அனுப்புவதில்லை, நேரத்தையே அனுப்புகிறது. மற்றவை செய்தி வந்துசேரும் தாமதத்தைக் கழித்துத் தம் நேரத்தைத் திருத்திக்கொண்டு, அதிலிருந்து தமக்கான துடிப்பை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த முதன்மைக் கருவியைத் தயங்காமல் ‘தலைமைக் கடிகாரம்’ என்று அழைக்கலாம், அது உண்மையிலேயே மணி சொல்கிறது.