தை மாதத்தில் புல்லை ஒட்ட வெட்டாதீர்கள்

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது நுவரெலியாவில் ஒரு விடுமுறை பங்களாவின் புல்வெளியை ஒட்ட வெட்டினேன். விருந்தாளிகள் வருகிறார்கள், கம்பளம் மாதிரி இருக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். பொங்கலன்று காலை பத்து மணிக்குக் காவல்காரர் போன் எடுத்தார். "அண்ணே, புல்லு முழுக்க வெந்நி ஊத்துன மாதிரி கெடக்கு." வெட்டச் சொன்னவர் வீட்டுக்காரராக இருக்கலாம், வெட்டியது நான். பூந்தோட்ட வேலைக்கு வந்து அப்போது நாலு வருடம். எனக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்து, இலைகூட அசையாத இரவுகள் வரும். பகலில் வாங்கிய சூட்டை மண் அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். முகில் இருந்தால் அது போர்வை. இல்லாத இரவில் புல் நுனி உறைந்துபோகும். சுவரில் மாட்டிய வெப்பமானி மூன்று பாகை காட்டும்போதே தரையில் சுழியம் வந்திருக்கும். அதனால் அந்த மாதங்களில் நான் வெப்பமானியை விட மாலை ஆறு மணி வானத்தைத்தான் நம்புகிறேன்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே வளவில் மேல் பாத்தி பச்சையாக நிற்க, கீழ்ப் பாத்தி கருகிக் கிடப்பது இதனால்தான். சரிவின் அடியில் அடர்த்தியாக வேலி வளர்த்திருந்தால் அது குளிருக்கு அணை கட்டியது போல. ஒரு வீட்டில் அந்த வேலியில் இரண்டு முழ அகலத்துக்கு வழி திறந்துவிட்டேன். அடுத்த வருடம் ரோஜாப் பாத்தி தப்பியது.

இன்னொன்று, பலர் நம்ப மறுப்பது. காய்ந்த சருகை மண்ணில் தடிப்பாகப் போட்டால் செடிக்குக் கதகதப்பு என்று நினைக்கிறார்கள். பனி இரவில் அது எதிராக வேலை செய்யும். மண்ணின் சூடு மேலே வர முடியாமல் சருகுக்கு மேலே இருக்கும் இளந்தளிர்தான் முதலில் கருகும். ஈரமாக இறுகிய வெறும் மண் சூட்டைக் கூடுதலாகச் சேமித்து இரவில் மெதுவாக விடும். ஆகவே தையில் சருகை ஒதுக்கி, மத்தியானம் தண்ணீர் விடுங்கள். எங்கள் மரக்கறிக்காரர்கள் விடியுமுன் எழுந்து உருளைக்கிழங்குப் பாத்திக்குத் தண்ணீர் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறுமுன் பனியைக் கழுவிவிடும் வேலை அது. வெள்ளையாக உறைந்த புல்லில் நடக்கவே கூடாது. மிதித்த இடமெல்லாம் கிழமைக்கணக்கில் பாதச்சுவடாகக் கருத்துக் கிடக்கும்.

கருகிய கிளையை உடனே வெட்டத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். செத்த இலை அடுத்த பனிக்குக் கீழ்த்தளிருக்குக் குடையாக நிற்கும். சுற்றுலாக்காரர் வரும் சித்திரை சீசனுக்கு ரோஜா பூக்க வேண்டுமென்றால் என் கணக்கில் பெப்ரவரி முதல் கிழமை கவ்வாத்து, அதாவது கிளை கழிப்பது. அதற்கு முன் வெட்டினால் தளிர் பனியில் மாட்டும், நன்றாகப் பிந்தினால் சீசன் முடிந்து பூக்கும். புல்லை டிசம்பர் நடுவிலேயே கடைசியாக, இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டி நிறுத்திவிடுகிறேன். கிகுயு புல் கருகினாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து திரும்ப வரும். ஆனால் ஒட்ட வெட்டியது வர இரண்டு மாதம் எடுக்கும், அதற்குள் களை இடம்பிடித்துவிடும்.

இதை எல்லாம் மலையின் மறுபக்கம், ஊவாவின் பண்டாரவளையில் இருப்பவர் அப்படியே செய்தால் சிரிப்பார்கள். பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். ஆடி மாதத்தில் சுரங்கத்துக்கு நுவரெலியாப் பக்கம் மழை, ஊவாப் பக்கம் வெயில். மலைக்கு இரண்டு முகம். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை எல்லாம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழையில் நனையும். அதே மாதங்களில் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசி மண் வெடிக்கும். அங்கே பெருமழை ஐப்பசியிலிருந்துதான். யூடியூப்பில் இலையுதிர்காலத்து வேலை என்று வெள்ளைக்காரர் சொல்வதைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு இரண்டு முகமும் கணக்கில் இல்லை.

மேற்குச் சரிவில் இருப்பவர் சித்திரைக்குள் முடிக்க வேண்டியது மரக்கிளை வேலை. கூரைக்கு மேல் சாய்ந்த சவுக்குக் கிளை ஜூன் காற்றுக்குக் காத்திருக்காது. காலையிலேயே முடித்துவிடுங்கள், பங்குனி சித்திரையில் பின்னேரம் இடி உறுதி. ஏறுமுன் குளவிக் கூடு இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். தேயிலை மலையில் குளவி கொட்டிச் செத்தவர்கள் உண்டு. புல்வெட்டும் மெஷின் சத்தத்துக்கே கூடு கலைந்து நான் ஓடியிருக்கிறேன்.

மழை தொடங்கிய பிறகு ஈரப் புல்லை வெட்டினால் பிய்ந்துதான் போகும். இரண்டு நாள் காயவிட்டு, உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்காமல் வெட்டுங்கள். யூரியாவைக் கொட்டுமழைக்கு முந்தின நாள் போடுவது ஆற்றுக்கு உரம் போடுவதுதான். டொலமைட் சுண்ணாம்புத் தூள் தூவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீலப் பூ ஹைட்ரேஞ்சியா அடியில் போடாதீர்கள். நம் புளிப்பு மண்தான் அந்த நீலத்தைத் தருகிறது, சுண்ணாம்பு பட்டால் ரோஸ் நிறமாகிவிடும். ரோஸ் பிடித்தால் உங்கள் இஷ்டம்.

ஊவாக்காரருக்கு ஆவணி, புரட்டாசியில் ஒரே வேலை, மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது. மண் காய்ந்து கல்லாக இருக்கும்போது யாருக்கும் மனம் வராது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளர் இருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அவ்வளவு பெரிய சரிவை ஒரு கான் தடுக்காது, அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு தண்ணீர் குடித்துக் கனத்துப்போவதைக் கான் குறைக்கும். கானில் வரும் தண்ணீரை வெறும் சரிவில் விடாமல், கல் அடுக்கிய ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். வெட்டிய புல்லைக் கானுக்குள் கொட்டுவது நம்மவர்களின் பழக்கம். அதை லயத்து மாட்டுக்குக் கொடுங்கள், மருந்து அடித்த புல்லாக இல்லாவிட்டால்.

வாய் முதல் அடி வரை ஒரே அகலமான, தட்டை அடிப் போத்தல் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பார்க்கத் தொடங்குங்கள். முற்றத்தில் புதிதாக வெடிப்பு, புதிதாக ஊற்று, தெளிந்து ஓடிய பீலியில் திடீரென்று சேற்றுத் தண்ணீர், சாய்ந்து நிற்கும் மரம் இதில் ஒன்றைப் பார்த்தால் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஆட்களோடு வெளியே போங்கள். போகிற வழியில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துச் சொல்லலாம்.