தரை மின் அலகாம்!

இந்த வாரம் மூன்றாவது முறையாக ‘தரை மின் அலகு’ கண்ணில் பட்டுவிட்டது. நிறுத்தி வைத்த விமானத்துக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கிற கிரவுண்ட் பவர் யூனிட்டைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள்.

சேலம் அம்மாபேட்டையில் தறிக்கூடங்களுக்கு ஒயரிங் பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். “எர்த் குழிங்களாண்ணா? உப்பும் கரியும் கொட்டி மூடுவோமே?” என்றார். அவர்மேல் தப்பில்லை, தரையையும் மின்னையும் ஒட்டினால் அதுதான் தோன்றும். அமெரிக்கர்கள் எர்த்தை கிரவுண்ட் என்பார்கள், ஆனால் இது அந்த கிரவுண்ட் இல்லை, கிரவுண்ட் ஸ்டாஃப் என்கிறோமே அந்த கிரவுண்ட், அதாவது விமானம் கீழே நிற்கும்போது நடக்கிற வேலை. அலகு இன்னும் மோசம். குருவிக்கு மூக்கு, பாடப்புத்தகத்தில் அளவை, சேலத்துக்காரனுக்கோ ஆடியில் மாரியம்மனுக்குக் குத்திக்கொள்வது. இயந்திரம் எங்கே வந்தது?

சிலர் ‘மின்னூட்டி’ என்கிறார்கள். அது செல்போன் சார்ஜர். இங்கே என்ஜின் ஓடாத நேரத்தில் விளக்கும் விமானி அறைக் கருவிகளும் வேலை செய்யத்தான் கரண்ட். பெரிய ஜெட் என்றால் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மும்முனை, பிளக்கில் 6 பின். சின்ன விமானங்களுக்கு 28 வோல்ட் டிசி, 3 பின். அதில் குட்டிப் பின் சரியாக உட்காராவிட்டால் கரண்டே ஏறாது. வீட்டுக் கரண்டு போல 50 ஹெர்ட்ஸ் வைத்தால் டிரான்ஸ்பார்மர் கனத்துப் போகும், அதனால்தான் 400. இதில் ஒன்றையாவது பார்த்துவிட்டு மொழிபெயர்த்தால் தேவலை. அகராதியில் மூன்று சொல்லைத் தனித்தனியாகத் தேடித் தைத்தால் இப்படித்தான் வரும்.

பல விமானங்களில் விமானி அமுக்குகிற பொத்தானிலேயே எக்ஸ்டர்னல் பவர், அதாவது வெளி மின்சாரம் என்றுதான் இருக்கிறது. அகம் புறம் நமக்குப் புதிதா என்ன? வெளியிலிருந்து வருவது புறமின், அதைக் கொடுப்பது புறமின் வழங்கல், இழுத்து வருவது புறமின் வண்டி. வண்டி கொச்சையாம், ஒரு நண்பர் முகம் சுளித்தார். தீயணைப்பு வண்டி மட்டும் இலக்கியமா?

அப்புறம் ஒயரிங் தம்பி கேட்டார், “ஜெனரேட்டர் வண்டின்னே சொல்லலாமேண்ணா?” எங்கள் சேலம் விமான நிலையம் இருக்கிற கமலாபுரத்தில் பேச்சுக்கு அப்படிச் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் ஜெனரேட்டரே இல்லாமல் வெறும் பேட்டரியில் ஓடுகிற வண்டியும் இப்போது உண்டு.