அறிவித்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு?

பட்ஜெட் மாதம் வந்துவிட்டால் சிலாங்கூரிலுள்ள எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் எல்லார் வாயிலும் லட்சமும் கோடியும்தான் புரளும். (2007இல் பெயர் மாறியும் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்பவர்கள் இங்கே ஏராளம்.) "பள்ளிக்கு இவ்வளவு வந்தாச்சாம்", "மண்டபத்துக்கு ஒதுக்கியாச்சாம்" என்று ஒட்டுக்கடையில் பேச்சு நடக்கும். இந்த வட்டாரத்துச் சங்கங்கள், கோயில்கள், சின்னக் குத்தகையாளர்கள் ஆகியோரின் கணக்கைப் பார்ப்பது என் தொழில். அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: அது அறிவிப்பா, ஒதுக்கீடா, செலவா?

மூன்றும் வேறு வேறு. மேடையில் சொல்வது அறிவிப்பு. வரவு செலவுத் திட்ட ஆவணத்தில் ஏறினால் ஒதுக்கீடு. வேலை நடந்து, பில் சரிபார்க்கப்பட்டு, பணம் குத்தகையாளரின் வங்கிக் கணக்குக்குப் போன பிறகுதான் செலவு. மூன்று எண்களும் ஒத்துப்போகாவிட்டால் உடனே யாரோ தின்றுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வேலை தாமதமாகியிருக்கலாம், குறைந்த விலைக்குக் குத்தகை போயிருக்கலாம். ஆனால் முதல் எண் மட்டும் ஊருக்குத் தெரிந்து மற்ற இரண்டும் தெரியாமல் போனால், இடைவெளியை வதந்திதான் நிரப்பும். இந்தியச் சமூகத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் 10 கோடி வெள்ளியைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நடந்த சண்டையில் பாதி இப்படி வந்ததுதான் என்பது என் எண்ணம்.

இணையத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டரசின் செலவு மதிப்பீட்டை அமைச்சு வாரியாக நிதியமைச்சின் தளத்தில் பார்க்கலாம். அரசாங்கக் கொள்முதலுக்கான மைபுரோக்யூர்மென்ட் தளத்தில் எந்த டெண்டர் யாருக்கு, என்ன விலைக்குப் போனது என்று இருக்கும். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையும் அவர் துறையின் தளத்தில் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், இவையெல்லாம் புத்ராஜெயாவிலிருந்து பார்ப்பவருக்கு ஏற்ற உயரத்தில் இருக்கின்றன. நம் தெருவுக்கு இறங்கும்போது "கெர்ஜா-கெர்ஜா மெம்பாய்க்கி டேவான் டான் கெர்ஜா-கெர்ஜா பெர்காய்த்தான்" (மண்டபப் பழுதுபார்ப்பும் அது தொடர்பான வேலைகளும்) என்று ஒரு வரி, அதன் பின்னால் தொகுதியின் பெயர். அவ்வளவுதான். ஒரு தொகுதியில் எத்தனை மண்டபம் இருக்கிறது! போதாக்குறைக்கு அது ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக இருக்கும், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. பணம் ஒரே பையிலிருந்தும் வருவதில்லை. இங்குள்ள ஐந்து தோட்டத்து 245 குடும்பங்களுக்கான வீட்டுத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து செய்வது அது. ஒரு தளத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது தொகைகூட இல்லை, தேதி. அண்டை ஊர் ஒன்றில் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தின் கூரையைப் பழுதுபார்த்தார்கள். அடுத்த மழைக்கே ஒழுக ஆரம்பித்துவிட்டது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஒரு மனுவோடு என்னிடம் வந்தார். "தம்பி, ஒய்.பி.கிட்ட (மக்கள் பிரதிநிதி) மறுபடியும் மானியம் கேக்கப்போறோம், கணக்கு சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். வேலை எப்போது முடிந்தது என்று கேட்டேன். "போன தீபாவளிக்கு முன்ன" என்றார். குத்தகையாளர் பெயர்? தெரியவில்லை. அறிவிப்புப் பலகையை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் அவர் மகள் கைப்பேசியில் ஒரு படம் அகப்பட்டது. ரிப்பன் வெட்டுகிறவர்களின் தலைக்குப் பின்னால் பலகை பாதி தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் நிறுவனத்தின் பெயரும் முடிவுத் தேதியும் இருந்தன.

அரசாங்கக் குத்தகையில் வேலை முடிந்ததற்குச் சான்றிதழ் கொடுப்பார்கள், பெராக்குவான் சியாப் கெர்ஜா. அந்தத் தேதியிலிருந்து குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஓடும், பெரும்பாலும் 12 மாதம். அதற்குள் அவர்கள் செய்த வேலையில் குறை தெரிந்தால் குத்தகையாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்த மண்டபத்துக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. மானிய மனுவை ஓரமாக வைத்துவிட்டு, படத்தை இணைத்துப் பொறியியல் பிரிவுக்கு ஒரு கடிதம் போட்டோம். ஆள் வந்து கூரை ஓடுகளை மாற்றிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு தேதி இணையத்தில் இருந்திருந்தால் படத்தைத் தேடி அலைந்திருக்க வேண்டாம். கேட்டபடி மானியம் கிடைத்திருந்தால் ஒரே கூரைக்கு மக்கள் பணம் இரண்டு தடவை போயிருக்கும், அதையும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சரி, தளத்தில் இல்லாததை எப்படி வாங்குவது? சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, பினாங்கிலும் அப்படி ஒன்று உண்டு. மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் பாரம் பூர்த்திசெய்து கேட்கலாம். எதற்குக் கேட்கிறோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டும், அது எனக்குப் பிடிக்காத நிபந்தனை. கூட்டரசுத் துறைகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது. அங்கே 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் நிழல் இன்னும் நீளமாகவே விழுகிறது. ஆகவே மாநில அரசு தமிழ்ப்பள்ளிக்குத் தந்த மானியத்தைப் பற்றி இந்த வழியில் கேட்கலாம், கல்வி அமைச்சு தந்ததைக் கேட்க முடியாது. அப்புறம், 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 23ஆம் பிரிவின்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய அதன் கூட்டங்களில் பொதுமக்கள் போய் உட்காரலாம். வீட்டு வரி கட்டும் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

பாரத்தில் "மண்டபச் செலவுக் கணக்கு வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். குத்தகை எண், குத்தகையாளர் பெயர், ஒப்பந்தத் தொகை, இதுவரை கொடுத்த தொகை, வேலை முடிவுச் சான்றிதழின் தேதி என்று ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வேலை நடக்கும்போதே பலகையை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் குத்தகை எண்ணுக்கு அலைய வேண்டியதில்லை.