மொழிக் குறியீடு: மலாயும் பாஸ்கும்

மென்பொருள்காரர்கள் 'லாங்குவேஜ் கோட்' என்று சொல்வதைத்தான் தமிழில் மொழிக் குறியீடு என்கிறோம். எந்த மொழி என்று கணினியும் நூலகப் பட்டியலும் குழப்பமில்லாமல் தெரிந்துகொள்ள, இரண்டு அல்லது மூன்று ரோமன் எழுத்துகளில் வைத்த சுருக்கப் பெயர் அது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் ஐஎஸ்ஓ 639 என்ற தரம் இவற்றை வரையறுக்கிறது. தமிழுக்கு டிஏ, மூன்றெழுத்தில் டிஏஎம்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: மொழிக் குறியீடு வேறு, நாட்டுக் குறியீடு வேறு. நாடுகளுக்கு ஐஎஸ்ஓ 3166 என்று தனித் தரம் இருக்கிறது. மலேசியாவின் நாட்டுக் குறியீடு எம்ஒய், சரி. அதையே மொழிக்கும் எழுதிவிட்டால் அது பர்மிய மொழி ஆகிவிடும், ஏனென்றால் மொழிப் பட்டியலில் எம்ஒய் பர்மியத்துக்குரியது! மலேசிய மொழி என்ற தலைப்பில் தேடுவதை விட மலாய் என்று தேடுங்கள், எம்எஸ் கிடைக்கும். அதே எம்எஸ் நாட்டுப் பட்டியலில் கரீபியன் தீவான மான்செராட்.

பாஸ்க் மொழிக்கும் இதே கதைதான். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியில் பேசப்படும், எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத மொழி அது. பெயரைப் பார்த்துப் பிஏ என்று ஊகித்தால் ரஷ்யாவில் பேசப்படும் பாஷ்கிர் மொழி வந்து நிற்கும். சரியான குறியீடு ஈயூ. அந்த மக்கள் தங்கள் மொழியை எயுஸ்காரா என்றுதான் சொல்கிறார்கள், அதன் முதலெழுத்துகள்தாம் இவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூன்றெழுத்துக்கு வந்தால் இரண்டு மொழிக்கும் இரட்டைக் குறியீடு இருக்கிறது. நூலகப் பட்டியல்களில் ஆங்கிலப் பெயரை ஒட்டி மலாய்க்கு எம்ஏஒய், பாஸ்குக்கு பிஏக்யூ. மற்ற பயன்பாடுகளுக்கு எம்எஸ்ஏ, ஈயூஎஸ். இப்படி இரட்டைப் பெயர் உள்ள மொழிகள் மொத்தம் 20தான். நூலகங்கள் ஏற்கெனவே லட்சக்கணக்கான பதிவுகளில் பழைய குறியீட்டைப் போட்டுவிட்டதால் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. மலாயில் இன்னும் ஒரு சிக்கல்: எம்எஸ்ஏ என்பது ஒரு மொழி அல்ல, இந்தோனேசியம், மினாங்கபாவு எல்லாம் அடங்கிய பெருமொழித் தொகுதி. மலேசியாவின் தரப்படுத்திய மலாயை மட்டும் குறிக்க இசட்எஸ்எம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். பாஸ்குக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். கோட் என்பதன் மூலம் லத்தீன். அடிமரத்துக்குப் பெயராக இருந்தது, பிறகு மெழுகு பூசி எழுதும் மரப்பலகைக் கட்டுக்கு, அப்புறம் சட்டத் தொகுப்புக்கு என்று நகர்ந்து இன்றைய பொருளுக்கு வந்திருக்கிறது. அதனால் எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட முடியாது. நிரலாளர் எழுதும் கோட் நிரல், எழுத்தைக் கணினிக்கு எண்ணாக்கும் என்கோடிங் குறியாக்கம், இது குறியீடு. குறி + இடு, இடு நீண்டு ஈடானது, முதலீடு, வெளியீடு போலத்தான். ஒன்றுக்கு அடையாளம் இட்டு வைப்பது என்ற பொருள் இங்கே அச்சாகப் பொருந்துகிறது, சங்கேதம் என்று எழுதுவது எனக்குச் சம்மதமில்லை, அதில் மறைத்துவைக்கும் பொருள் வந்துவிடுகிறது, இங்கோ எல்லாருக்கும் தெரியத்தான் வைக்கிறோம்.

மொழியையும் நாட்டையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தால் மொழி முதலில், நடுவே ஒரு சிறு கோடு, பிறகு நாடு. மலேசிய மலாய் எம்எஸ்-எம்ஒய், ஸ்பெயினின் பாஸ்க் ஈயூ-ஈஎஸ், மலேசியத் தமிழ் டிஏ-எம்ஒய். மொழியைச் சின்ன எழுத்திலும் நாட்டைப் பெரிய எழுத்திலும் எழுதுவது வழக்கம்.