அம்மாவின் உடம்பு கற்றுக்கொள்ளும் முன்

கர்ப்பிணியின் ரத்த ரிப்போர்ட்டில் 'ஓ நெகட்டிவ்' என்று வந்ததும் வீட்டார் பதறுவது, அவசரத்துக்கு ரத்தம் கிடைக்குமா என்றுதான். டாக்டர் கேட்பதோ வேறு: "வீட்டுக்காரருக்கு என்ன குரூப்?"

பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது சிவப்பணுவின் மேல் 'டி' என்ற புரதம் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும்தான். இல்லாததால் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா பாசிட்டிவாக இருந்து, குழந்தையும் அவரைக் கொண்டால்தான் சிக்கல் தொடங்கும்.

கர்ப்பத்தில் இருவர் ரத்தமும் பொதுவாகக் கலப்பதில்லை. ஆனால் பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியும்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவுக்குள் போய்விடும். டி-யை முன்பின் பார்த்திராத உடம்பு, அதை எதிர்க்க ஆன்டிபாடி செய்யும். சாவகாசமாகத்தான் செய்யும், அதற்குள் தலைச்சன் பிறந்து வீடு போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து. பாடம் படித்த உடம்பு இம்முறை வேகமாக, நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடிய சிறிய ஆன்டிபாடிகளைச் செய்யும். அவை குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். ரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, சில சமயம் வயிற்றுக்குள்ளேயே மரணம்.

இதைத் தடுக்க ஒரு துப்பு கிடைத்தது. அம்மாவும் குழந்தையும் ஏ, பி, ஓ வகையிலும் பொருந்தாவிட்டால் இந்த நோய் குறைவாக வருவதை 1943-லேயே அமெரிக்க ரத்த ஆய்வாளர் ஃபிலிப் லெவின் கவனித்திருந்தார். இரண்டு பொருத்தமும் இல்லாத இடத்தில் தொல்லை குறைவு! காரணம் எளிது. ஓ குரூப் அம்மாவுக்குள் ஏ குரூப் அணுக்கள் நுழைந்தால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆன்டிபாடி அவற்றை உடனே தீர்த்துக்கட்டிவிடும். டி-யைப் பார்த்துப் பழக உடம்புக்கு நேரமே இருக்காது.

அப்படியானால் டி-க்கான ஆன்டிபாடியையே வெளியிலிருந்து கொடுத்தால்? லிவர்பூலில் ரொனால்ட் ஃபின்னும் சிரில் கிளார்க்கும் (பட்டாம்பூச்சி வளர்த்து மரபியலுக்குள் வந்த டாக்டர் இவர்) அப்படி யோசித்தார்கள். நியூயார்க்கில் ஃப்ரெடா, கோர்மன், பொல்லாக் மூவரும் தனியாக அதே இடத்துக்கு வந்தார்கள். 1968-ல் ஊசி விற்பனைக்கு வந்தது. அதுதான் ஆன்டி-டி. தடுப்பூசி உடம்புக்குப் பாடம் சொல்லித்தரும். இது படிக்கவிடாமல் தடுக்கும்.

28-வது வாரத்தில், அதாவது வளைகாப்பு போடுகிற ஏழாம் மாதத்தையொட்டி, ஒரு ஊசி. குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இந்த 72 மணிக் கெடுவுக்குப் பின்னால் உடலியல் ரகசியம் ஏதுமில்லை. நியூயார்க்கின் சிங் சிங் சிறையில் கைதிகளிடம் சோதித்தபோது ஆய்வாளர்கள் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாததால் வந்த கணக்கு அது. கெடு தப்பினாலும் பத்து நாள் வரை போட்டுக்கொள்வதில் ஓரளவு பலன் உண்டு.

ஊசியே இல்லாவிட்டால் இப்படிப்பட்ட தாய்மார் நூறு பேரில் சுமார் 16 பேருக்கு ஆன்டிபாடி உருவாகும். பிரசவத்துக்குப் பின் போடும் ஊசி மட்டுமே அதை இரண்டு பேர் அளவுக்குக் குறைத்துவிடுகிறது. பலர் கோட்டைவிடுவது கருக்கலைப்பில். கரு தானாகக் கலைந்தாலும், கலைத்தாலும், வயிற்றில் அடிபட்டாலும் ரத்தம் கசியலாம்; உடனே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். அம்மாவின் ரத்தத்தில் ஆன்டிபாடி உண்டா என்று பார்க்கும் ஐசிடி பரிசோதனையில் ஏற்கெனவே அது தெரிந்தால் ஊசியால் பயனில்லை. அப்புறம் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் குழந்தையைக் கண்காணித்து, தேவைப்பட்டால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கே ரத்தம் ஏற்றுவார்கள்.

சரி, மருந்து எங்கிருந்து வருகிறது? ஆய்வகத்தில் செய்யும் வகை இப்போது உண்டு. ஆனால் நெடுங்காலம் மனிதப் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஒன்றே வழி. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி நிறைய இருந்தது. 1,173 முறை கொடுத்தார். 2018-ல், 81 வயதில், வயது வரம்பைக் காட்டித்தான் அவரை நிறுத்த முடிந்தது.